உங்களுக்குத் தெரியுமா? ஒரு வாய்க் காபிக்கு ஒன்றரை கோபுர அழுத்தம்!

அடுக்களை மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்கிறதே எஸ்பிரஸோ மிஷின், அது எத்தனை அழுத்தத்தில் காபி இறக்குகிறது தெரியுமா? 9 பார்! 300 அடி உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தால் அடியில் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு. திருவேங்கடத்துக்காரர்களே, நம் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமே 192 அடிதான். ஒன்றரை கோபுரம் தாண்டிய தண்ணீர் உங்கள் ஒரு வாய்க் காபிக்காக அழுத்துகிறது!

இன்னொரு கணக்கு. காபித்தூள் உட்காரும் கிண்ணத்தின் அகலம் பல மிஷின்களில் 58 மில்லிமீட்டர். அதன்மேல் 9 பார் இறங்கினால் மொத்த விசை சுமார் 240 கிலோ. வெறும் 18 கிராம் தூளின் தலையில் கிட்டத்தட்ட கால் டன்!

அப்படியிருக்க, தூளைக் கையால் தம் பிடித்து அமுக்கினால்தான் காபி கெட்டியாக வரும் என்கிறார்களே? கதை! நீங்கள் 10 கிலோ அமுக்கினால் என்ன, 15 கிலோ அமுக்கினால் என்ன, பின்னால் வரப்போவது 240. கோணாமல் மட்டமாக அமுக்கினால் போதும்!

நம் வீட்டுப் பித்தளை பில்டரில் அழுத்தம்? கிட்டத்தட்ட பூஜ்யம். புவியீர்ப்புதான் மோட்டார். எஸ்பிரஸோ 25 முதல் 30 விநாடியில் முடிந்துவிடும். பில்டர் டிகாக்‌ஷன் சாவகாசமாக 15, 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும். கரண்டு பில் மட்டும் 0!

பெட்டியில் '15 பார்', '20 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதா? மயங்காதீர்கள். அது பம்ப்பின் உச்ச வலு. தூளுக்கு வேண்டியது 9 தான். காகியா கிளாசிக் என்கிற புகழ்பெற்ற இத்தாலிய வீட்டு மிஷினை வாங்கி, உள்ளே குட்டி ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தை 9-க்கு இறக்குவதை உலகம் முழுக்க ஒரு கூட்டம் பொழுதுபோக்காகவே வைத்திருந்தது. அதிகம் என்று வாங்கி, குறைக்க மெனக்கெடுகிறார்கள்!

மிஷின் போட்டதும் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது அதிர்வுப் பம்ப். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை குத்தும். 25 விநாடிக் காபிக்கு 1,250 குத்து!

"அண்ணே, ஊருக்கு வரும்போது ஒரு மிஷின் தூக்கிட்டு வரட்டுமா?" என்று அமெரிக்காவிலிருந்து தம்பி கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சொருகினால் புகைதான்! டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும் ஹெர்ட்ஸ் மாறாது.

பிளக் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1,450 வாட்ஸ் மிஷின் 230 வோல்ட்டில் இழுப்பது 6.3 ஆம்ப். நம் வீட்டுச் சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்ப். கால் ஆம்ப்பில் கோட்டை விடுகிறோம்! கீசருக்கும் ஏசிக்கும் போடுகிற பெரிய 16 ஆம்ப் பவர் பிளக்தான் இதற்கும். ஃபேனும் லைட்டும் ஓட்டுகிற சாதாரண இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கரண்டு போனால்? பிளக்கே இல்லாத எஸ்பிரஸோ மிஷின் இருக்கிறது! 'ஃப்ளேர்' என்று பெயர். வெந்நீரை ஊற்றி, கைப்பிடியைக் கீழே அழுத்தினால் அதே 9 பார். நெம்புகோல் தத்துவம், நம் கிணற்று ஏற்றத்தில் பார்த்ததுதான்.

இப்போது தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அதே வெள்ளை மிஷினின் பாய்லருக்குள்ளும் படியும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம். காபி நிபுணர்கள் கேட்பது 150!

"அப்படியானால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிவிடலாம்" என்கிறீர்களா? இங்கேதான் வேடிக்கை. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. சில மிஷின்களில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி அந்த மின்சாரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. பாய்லர் நிறைந்திருக்கும், மிஷினோ "தண்ணீர் இல்லை" என்று அடம்பிடிக்கும்! காபியும் சப்பென்று இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் சாதாரண நல்ல தண்ணீரைக் கலந்து, சின்ன டிடிஎஸ் மீட்டரால் பார்த்து ஊற்றுகிறவர்களே புத்திசாலிகள்.

எஸ்பிரஸோ மிஷினின் முன்னோடியான நீராவிக் காபி மிஷினுக்குக் காப்புரிமை 1884-ல். இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ வாங்கினார். பெருமளவில் செய்து விற்கவே இல்லை! 1901-ல் மிலான்காரர் லூயிஜி பெசெரா தன் மிஷினுக்குக் காப்புரிமை கேட்டார். அதை விலைக்கு வாங்கிய தெசிதேரியோ பவோனிதான் காசு பார்த்தார்.

எஸ்பிரஸோ மேலே பொன்னிறமாக ஒரு நுரை நிற்குமே, 'கிரீமா'? 1940-களுக்கு முன் அது கிடையாது! அச்சில்லே காகியா கொண்டுவந்த நெம்புகோல் மிஷினில்தான் முதலில் வந்தது. வாடிக்கையாளர்கள் "என்னய்யா இது அழுக்கு நுரை?" என்று முகம் சுளித்தார்கள். "அழுக்கில்லை, காபியின் இயற்கையான கிரீம்" என்று சொல்லி அதையே விளம்பரமாக்கிவிட்டார். இன்றைக்கு அது இல்லாவிட்டால் சண்டைக்கு வருகிறோம்!

கிரீமா என்பது என்ன? வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு, கொட்டையின் எண்ணெயோடு சேர்ந்து நுரைப்பது. அவ்வளவுதான். சில நிமிடத்தில் மறைந்துவிடும்!

அதனால்தான், அப்போதுதான் வறுத்த கொட்டை எஸ்பிரஸோவுக்கு ஆகாது. வாயு அதிகம், நுரைதான் கொப்பளிக்கும். ஒன்று இரண்டு வாரம் ஆறப்போடச் சொல்கிறார்கள். "இப்பத்தான் வறுத்தது சார், சூடு ஆறலை" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே வாங்கி டப்பாவில் வையுங்கள்!

ஃபாயெமா ஈ61. 1961-ல் வந்த மிஷின். அந்த வருடம் பிப்ரவரி 15-ல் ஐரோப்பாவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்த பெயர்! அதன் தலைப்பகுதி மட்டுமே சுமார் 4 கிலோ பித்தளை. அது முழுக்கச் சூடேற அரைமணி ஆகும். இன்றும் பல வீட்டு மிஷின்களில் அதே தலைதான். இந்த ரகத்தை வாங்குகிறவர்கள் பல் துலக்கப் போகும் முன்னாலேயே ஸ்விட்சைப் போட்டுவிட வேண்டும்.

ரான்சிலியோ சில்வியா என்றொரு மிஷின். 1997. கடைகளுக்குப் பெரிய மிஷின் விற்கும் கம்பெனி, தன் விநியோகஸ்தர்களுக்குப் பரிசாகக் கொடுக்கச் செய்தது. ஆளாளுக்கு "எனக்கும் ஒன்று" என்று கேட்க, சரக்காகவே விற்க ஆரம்பித்தார்கள். தீபாவளி இனாம் பிராண்டு ஆகிவிட்டது!

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோகா பாட்டை உலகமெங்கும் பரப்பிய இத்தாலியர் ரெனாட்டோ பியாலெட்டி 2016-ல் காலமானார். அவர் அஸ்தியை எதில் வைத்தார்கள்? பெரிய மோகா பாட்டில்!

விண்வெளியில் முதல் எஸ்பிரஸோ: 2015 மே 3. குடித்தவர் இத்தாலிய வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி. மிஷின் எடை சுமார் 20 கிலோ. உள்ளே பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் எஃகுக் குழாய், 400 பார் தாங்கும்!

சரி, மிஷின் கிடக்கட்டும். உண்மையான ஹீரோ கிரைண்டர். நம் ஊரில் கிரைண்டர் என்றால் இட்லி மாவுதான் ஞாபகம் வரும், இது காபிக் கிரைண்டர். இதில்தான் எத்தனை அதிசயம்!

கார் செய்யும் பெஜோ கம்பெனி தெரியுமில்லையா? 1840-லேயே அவர்கள் காபிக் கிரைண்டர் செய்தார்கள். முதல் கார் 1889-ல்தான். காருக்கு 49 வருடம் முன்னால் காபி!

"மிக்சியிலேயே அரைத்துவிட்டால் என்ன?" மிக்சி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் பறக்கும். இத்தாலியின் யுரேகா மின்யோன் காபிக் கிரைண்டர் சுற்றுவது 1,350! மிக்சி பிளேடு வெட்டுகிறது. பாதி மாவு, பாதி ரவை. காபிக் கிரைண்டரில் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்குகிறது. இடைவெளி எவ்வளவோ, தூள் அவ்வளவு. எஸ்பிரஸோவுக்கு இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் தண்ணீர் ரவை இருக்கும் பக்கமாக ஓட்டை போட்டு ஓடிவிடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும்!

கையால் சுற்றும் கிரைண்டரைக் கேவலமாக நினைக்காதீர்கள். தைவானின் 1இசட்பிரெஸ்ஸோ ஜே-மேக்ஸ் என்கிற கைக்கிரைண்டரில் ஒரு 'கிளிக்' திருப்பினால் சக்கரம் நகர்வது 8.8 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இரண்டு கிளிக் அப்படி இப்படி ஆனாலே காபி இறங்கும் நேரத்தில் பல விநாடி வித்தியாசம். ஒரு காபிக்குக் கொட்டை அரைக்க ஒரு நிமிடம் போதும். காலையில் கைக்கு ஓர் உடற்பயிற்சி!

தூள் கிரைண்டரின் வாயில் ஒட்டிக்கொண்டு, மேடையெல்லாம் பறக்கிறதா? அது நிலை மின்சாரம். நம் கரிசல் பூமியின் வறண்ட கோடைக் காற்றில் இன்னும் அதிகம். மருந்து என்ன? அரைக்கும் முன் கொட்டையின் மேல் சில சொட்டுத் தண்ணீர்! கைவைத்தியம் என்று நினைக்காதீர்கள். 2023-ல் ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலர் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு ஆய்வு செய்து வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த இன்னொருவர் யார் தெரியுமா? எரிமலைச் சாம்பலில் மின்னல் எப்படி வருகிறது என்று ஆராய்பவர்! எரிமலையும் காபிக் கிரைண்டரும் ஒரே விஞ்ஞானம்!

அதே ஹெண்டன் 2016-ல் கொட்டையை மைனஸ் 196 டிகிரி வரை குளிரவைத்து அரைத்துப் பார்த்தார். குளிரக் குளிரத் தூள் நைஸாகவும் சீராகவும் வந்தது. உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியே போதும். ஈரம் புகாத டப்பாவில் வைத்து, எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு அரையுங்கள்!

2020-ல் அவரே இன்னொரு குண்டு போட்டார். 20 கிராமை நைஸாக அரைப்பதைவிட 15 கிராமைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தால் தினமும் ஒரே ருசி வரும் என்றார். தூள் 25 சதவீதம் மிச்சம்! வீட்டுச் செலவு பார்க்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து ஒட்டிக்கொள்ளலாம்.

பீத்தோவன் ஒரு கோப்பைக்குச் சரியாக 60 கொட்டை எண்ணிப் போடுவாராம். நிறுத்துப் பார்த்தால் சுமார் 8 கிராம். ஒற்றை எஸ்பிரஸோவின் பழைய இத்தாலியக் கணக்கு 7 கிராம். ஏறக்குறைய அடித்துவிட்டார் மனுஷர்!

எண்ணுகிற பொறுமை நமக்கு ஏது? கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். உள்ளே 18 கிராம் தூள், வெளியே 36 கிராம் காபி. இதுதான் உலகம் முழுக்க ஆரம்பப் பாடம்!

தூளைக் கிண்ணத்தில் கொட்டியதும் மெல்லிய ஊசிகளால் கிளறுகிறார்களே, அது பூஜையல்ல. கட்டி உடைக்கும் வித்தை. 2005-ல் ஜான் வெய்ஸ் என்பவர் சொன்னது. ஊசி கனம் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பைசா செலவில்லாமல் காபி மாறும்!

கிரைண்டர் சக்கரம் எத்தனை வருடம் உழைக்கும்? தினம் 36 கிராம் அரைத்தால் வருடத்துக்கு 13 கிலோ. நல்ல எஃகுச் சக்கரம் சில நூறு கிலோ தாங்கும். 300 என்று வைத்தாலே 22 வருடத்துக்கு மேல். உங்கள் பிள்ளையின் கல்யாணத்துக்கும் அதே கிரைண்டர்!

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரிசப்ஷனில் ஒரு மிஷின் 'உஸ்ஸ்ஸ்' என்று பாலைப் பொங்கவைத்து, மேலே தூள் தூவி 'எஸ்பிரஸோ' என்று தருமே? பல இடங்களில் அதில் இருப்பது இன்ஸ்டன்ட் காபியும் நீராவியும்தான். 9 பார் மருந்துக்கும் கிடையாது! ருசி? அதில் குறை சொல்ல மாட்டேன்.

இனி நம் பெருமை. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு எது? இத்தாலி! நம் விளைச்சலில் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டா. எஸ்பிரஸோவில் கிரீமாவைக் கெட்டியாக நிற்கவைப்பது அதுதான். ரோம் நகரத்துக் காபியில் குடகு மலை வாசம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

ரோபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரவு எட்டு மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பாதீர்கள்!

மான்சூன்ட் மலபார் கொட்டையை மழைக்காலக் காற்றில் மூன்று நான்கு மாதம் வேண்டுமென்றே ஊறவைக்கிறார்கள். கொட்டை வெளுத்து ஊதி, புளிப்பு போய்விடுகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் ஐரோப்பா போய்ச் சேருவதற்குள் கடல் காற்றில் தானாக நடந்தது. கப்பல் வேகமானதும் பழைய ருசி காணோம் என்று வெள்ளைக்காரர்கள் ஏங்க, கரையிலேயே செய்து அனுப்புகிறோம்!

இதெல்லாம் பாபா புதன் என்கிற சூஃபி ஞானி ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து கொண்டுவந்த கொட்டைகளில் ஆரம்பித்தது என்பார்கள். எத்தனை கொட்டை? 7!

தமிழ்நாட்டின் பங்கு நாட்டின் விளைச்சலில் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் கீழ்மலை என்று வரிசை கட்டி நிற்கிறது. கீழ்மலையில் தாண்டிக்குடியில் காபிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு!

ஆனாலும் ஒரு காலத்தில் காபி குடிப்பதையே இங்கே கெட்ட பழக்கம் என்று திட்டியிருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்துப் பாருங்கள், சிரிப்பு அடங்காது!

பீபெரி கேட்டு வாங்குகிறீர்களா? காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை. ஒன்று மட்டும் உருண்டு திரண்டால் அது பீபெரி. நூறில் ஐந்து முதல் பத்துதான் அப்படி!

உங்கள் காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூள் என்றால் சட்டப்படி காபி 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம்! சிக்கரி ஒரு வேர். கஃபீன் துளியும் இல்லை. பில்டரில் போட்டால் திக்கான நிறம், அருமை. எஸ்பிரஸோ மிஷினில் சிக்கரித் தூள் வேண்டாம், தனிக் காபிதான் சரி.

கடைத் தூளைத்தான் போடுவேன் என்று பிடிவாதமா? அதற்கும் வழி உண்டு. இரட்டை அடி வைத்த கிண்ணம் பல மிஷின்களோடு வரும். மேலே நூற்றுக்கணக்கான ஓட்டை, அடியில் ஒரே ஓட்டை! தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றை ஓட்டை அழுத்தத்தை உண்டாக்கி நுரை வரவழைத்துவிடும். பார்க்க ஜோர். அசல் கிரீமா அல்ல, சொல்லிவிட்டேன்.

பால் நுரைப்பது கொழுப்பால் அல்ல, புரதத்தால்! ஆவின் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நீலமே நன்றாக நுரைக்கும், ஆரஞ்சு வழவழப்பு தரும். பால் ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே ஜில்லென்று வர வேண்டும். 60, 65 டிகிரியில் நீராவியை நிறுத்திவிட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் "இது பச்சைப் பால் மாதிரி இருக்கே, கொதிக்கலையே" என்பார்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தித்தான் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். நம்பினால் உங்கள் அதிர்ஷ்டம்!

இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் பற்றும் என்றால் எது? யோசிக்காமல் கிரைண்டர்! நல்ல கிரைண்டர் இருந்தால் சாதாரண மிஷினும் பிழைத்துக்கொள்ளும். மட்டமான கிரைண்டரோடு லட்ச ரூபாய் மிஷினும் தோற்கும். மிஷினுக்குக் காசு சேரும்வரை அந்தக் கிரைண்டர் சும்மா தூங்கவும் வேண்டாம். சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்தி அரைத்து உங்கள் பித்தளை பில்டரில் போடுங்கள். நாளைக்குக் காலையிலேயே வித்தியாசம் தெரியும்!